முதலில் சொல்ல வேண்டிய வீடு

அன்னக்கொடியை வாசலில் பார்த்ததும் சின்னத்தாயின் கையிலிருந்த முறம் நழுவியது. உளுந்து மண்ணில் சிதறியது. அடுத்த நொடி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஏ ஆத்தாடி! யாருடி போயிட்டா? எந் தம்பியா? எப்படி? ராத்திரி வரைக்கும் நல்லாத்தானடி பேசுனான்!"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். வரும்போதே ஒருத்தி கூந்தலை அவிழ்த்துவிட்டிருந்தாள். வந்த வேகத்தில் சின்னத்தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழவும் தொடங்கிவிட்டாள்.

"ஆத்தா, யாரும் போகலை. எல்லாரும் நல்லாத்தான் இருக்காக," என்றாள் அன்னக்கொடி.

அழுகைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அவள் இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் ஓட்டுக் கேக்க வந்தேன்!"

அழுகை நின்றது. கூந்தலை அவிழ்த்தவள் அதைத் திரும்ப முடிந்துகொண்டாள்.

"ச்சே, இதுக்கா?" என்றாள். அடுப்பில் குழம்பு கிடப்பது ஞாபகம் வந்து போய்விட்டாள்.

சின்னத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கோபத்தில் மூச்சு வாங்கியது.

"ஏண்டி, எனக்கு ஓட்டு இந்த ஆண்டிக்கரட்டுல. நீ நிக்கிறது நத்தைக்குளத்துல. நான் எப்படிடி ஒனக்குப் போடுவேன்? மூளை கீளை கெட்டுப்போச்சா?"

சின்னத்தாய் பயந்ததில் தப்பில்லை. நத்தைக்குளத்து மேலத்தெருவில் யார் செத்தாலும், கட்டிக்கொடுத்த பெண்களின் ஊர்களுக்குப் போய்ச் சாவுச் செய்தியான கேதம் சொல்வது காலனியில் அன்னக்கொடியின் குடும்பத்துக்கு விதித்த வேலை. அவள் அப்பா அதைச் செய்தார். லாரி மோதி அவர் கால் போனபோது அன்னக்கொடிக்குப் பன்னிரண்டு வயது. பதினெட்டில் கல்யாணம் ஆகும்வரை அவள்தான் நடந்தாள். இருபத்து மூன்று ஊர். வாசற்படி ஏறக் கூடாது. தண்ணீர் கேட்கக் கூடாது. எட்டி நின்று, செத்தவர் பெயரையும் எடுக்கும் நேரத்தையும் உரக்கச் சொல்ல வேண்டும். திரும்பும்போது 'வாரேன்' என்று சொல்லக் கூடாது. கேதம் திரும்பி வருமாம்.

செல்போன் வந்த பிறகு அந்த வேலை தானாக நின்றது. அதன் பிறகு அன்னக்கொடி பத்து வருஷம் ஊராட்சித் தலைவராகவும் இருந்துவிட்டாள். ஆனாலும் அவள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாசலில் வந்து நின்றால், அந்த வீட்டுப் பெண்ணின் கை முதலில் கூந்தலுக்குத்தான் போனது.

"நீங்க எனக்கு ஓட்டுப் போட வேண்டாம் ஆத்தா," என்றாள் அன்னக்கொடி. "ஒங்க பொறந்த வீட்டுக்கு ஒருக்கா போயிட்டு வந்தாப் போதும்."

*

மூன்று வருஷம் தேர்தலே நடக்காமல் கிடந்து, அந்த மார்கழியில்தான் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய பத்து வருஷம் நத்தைக்குளம் ஊராட்சி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அன்றைக்கு அன்னக்கொடியைத் தேர்ந்தெடுத்தது சின்னத்தாயின் தம்பி நல்லகாமன். மேலத்தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம். காலனியில் மூன்று பேரை வரச் சொல்லி, ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு அவளைக் கைகாட்டினார்.

"இது கேதம் சொன்ன புள்ள. சொன்னதை அப்படியே சொல்லும். கூட்டாது, குறைக்காது."

அவர் கணக்கு சரிதான். அவள் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மேலத்தெருவுக்கு இரண்டு போர்வெல் போட்டால் காலனிக்கு ஒன்று போட்டாள். ஊருணியைச் சுற்றிக் கல் பதித்தாள். கிராம சபையில் யார் என்ன பேசினாலும் பேசியவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதச் சொன்னாள். அதனாலேயே பல பேர் கிராம சபையில் பேசுவதை நிறுத்தினார்கள்.

நல்லகாமனுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவரை உறுத்தியது வேறு.

அவருடைய அப்பா செத்த வருஷம். வாரிசுச் சான்றிதழ் விசாரணைக்கு விஏஓ வந்திருந்தார். நல்லகாமன் பட்டியல் கொடுத்தார். மூன்று மகன்களின் பெயர். வழக்கப்படி விஏஓ ஊராட்சித் தலைவரையும் கேட்டார். சரிதானே அம்மா?

"இன்னும் ரெண்டு பேரு இருக்காக சார்," என்றாள் அன்னக்கொடி. "சின்னத்தாய், ஆண்டிக்கரடு. சிவனம்மா, செக்கடிப்பட்டி."

மேலத்தெரு ஆண்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். நல்லகாமன் எழுந்தார்.

"அதுக கட்டிக்கொடுத்த புள்ளைக. எங்க வீட்டுப் பொம்பளைகளை எண்ண நீ யாரு?"

அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, ஒங்க ஆத்தா செத்த அன்னைக்கு என்னையத்தான கேதம் சொல்லச் சொன்னீக. முதல்ல யாரு வீட்டுக்குப் போகச் சொன்னீக?"

நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பொம்பளப்புள்ள வீட்டுக்குத்தான் முதல்ல போகணும்னு சொன்னீக. அவுக வந்து மாரடிச்சாத்தான் எடுக்கணும்னு சொன்னீக. மத்தியானம் வரைக்கும் பாடையைத் தூக்கவிடல நீங்க. அன்னைக்கு எண்ணுனதைத்தான் இன்னைக்கும் எண்ணுறேன்."

விஏஓ இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மேலத்தெருவில் எந்த விசாரணை வந்தாலும் அன்னக்கொடி அங்கே இருந்தாள். கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரும் ஊரும் அவளுக்கு மனப்பாடம். அவள் நடந்த வரிசையே அதுதான். பத்து வருஷத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரை ஏக்கரோ ஒரு சென்ட்டோ பிறந்த ஊரில் பெயர் ஏறியது. சாவுக்கு முதலில் கூப்பிடப்பட்டவர்கள் பட்டாவிலும் வந்தார்கள்.

இப்போது ஒதுக்கீடு சுற்றி வேறு ஊராட்சிக்குப் போய்விட்டது. நத்தைக்குளம் பொதுத் தொகுதி. நல்லகாமன் தன் மகன் முத்துப்பாண்டியை நிறுத்தினார். அன்னக்கொடிக்கு ஆள் விட்டுச் சொன்னார்.

"பொது வந்துருச்சு. எறங்கிக்கச் சொல்லு. மரியாதையா ஒரு சால்வை போத்தி அனுப்புவோம்."

அன்னக்கொடி மறுநாள் போய் வேட்புமனு கொடுத்தாள். அந்த ஒன்றியத்தில் பொதுத் தொகுதியில் காலனியிலிருந்து அதுவரை யாரும் ஜெயித்ததில்லை. அவளுக்குத் தெரிந்து யாரும் நின்றதுகூட இல்லை.

"பொதுன்னா எல்லாருக்கும்தான? நானும் எல்லாருக்குள்ளதான வாரேன்?" என்று மனு வாங்கிய அதிகாரியிடம் கேட்டாள்.

"சட்டப்படி ஆமாம்மா," என்றார் அவர். நிமிராமல் சொன்னார்.

அன்று சாயங்காலமே மேலத்தெருவில் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். அன்னக்கொடி ஓட்டுக் கேட்டு வந்தால் எந்த வீட்டுக் கதவும் திறக்கக் கூடாது. திறந்தால் ஊர்க் குத்தம்.

அவள் போனாள். ஒவ்வொரு கதவாக மூடுவதைப் பார்த்தாள். தெருக்கோடி வரை நடந்து திரும்பினாள். ஒரு வீட்டில் மட்டும் கதவு சரியாகச் சாத்தவில்லை. இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. உள்ளேயிருந்து ஆண் குரல் ஒன்று அதட்டியது. கண் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கணவன் கருப்பு விரல் விட்டு எண்ணினான்.

"காலனி ஓட்டு முந்நூத்து நாப்பது. மேலத்தெரு எண்ணூத்துச் சொச்சம். நடக்குமா புள்ள?"

"அந்தக் கதவுக யாருக்குத் திறக்கும் மாமா?"

"நமக்குத் திறக்காது."

"வேற யாருக்கு? ஊர்க் குத்தம்னு சொன்னாலும் யாருக்குச் சாத்த முடியாது?"

கருப்பு யோசித்தான். தன் டிவிஎஸ் ஐம்பதைப் பார்த்தான்.

"பெட்ரோல் எம்புட்டு ஊத்தணும்?" என்றான்.

*

ஆண்டிக்கரட்டில் பட்ட பாடு ஒரு பாடமானது. இரண்டாவது ஊரிலிருந்து அன்னக்கொடி தெருமுனையிலேயே கையை உயர்த்திக் கத்தினாள்.

"எல்லாரும் நல்லாருக்காக! யாரும் சாகல! ஓட்டு விஷயமா வந்தேன்!"

அதற்கும் பலன் இருக்கவில்லை. செக்கடிப்பட்டியில் சிவனம்மா 'நல்லா' வரைக்கும் கேட்டுவிட்டு மயங்கிப்போனாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். எழுந்ததும் அவள் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு எடுக்குறாக?"

ஆரப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முனீஸ்வரி இட்லிக் கடை வைத்திருந்தாள். தேனி பஸ்ஸுக்கும் திண்டுக்கல் பஸ்ஸுக்கும் இடையில் அன்னக்கொடி நடந்து வருவதைப் பார்த்தவள் அடுப்பை அணைத்துவிட்டாள்.

"அக்கா, சட்னி?" என்றான் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவன்.

"கடை கிடையாது. எந்திரிங்க. எங்கப்பன் போயிட்டாரு."

"ஒங்கப்பன் டீக்கடை வாசல்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருக்காரு," என்றாள் அன்னக்கொடி மூச்சு வாங்க. "காலையிலதான் பார்த்தேன். அடுப்பைப் பத்த வை தாயி."

முனீஸ்வரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தாள். அன்னக்கொடி நின்றுகொண்டே சாப்பிடப் போனாள். முனீஸ்வரி பெஞ்சைத் தட்டினாள்.

"ஒக்காருங்க தலைவரே. இது மதுரை."

சொல்ல வந்ததை அன்னக்கொடி எல்லோரிடமும் ஒரே மாதிரிச் சொன்னாள். கடைசி ஞாயிற்றுக்கிழமை பிறந்த வீட்டுக்குப் போங்கள். அம்மாவிடமும் அண்ணிமாரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். எனக்குப் போடச் சொல்ல வேண்டாம். உங்கள் பெயர் எப்படிப் பட்டாவில் ஏறியது என்று மட்டும் சொல்லுங்கள். நாளைக்கு அவர்கள் பெற்ற மகள்களின் பெயரை நத்தைக்குளத்தில் யார் சொல்லுவார்கள் என்று கேளுங்கள்.

மதுரை கே.கே. நகரில் கனகலட்சுமியைப் பார்க்க வாட்ச்மேனிடம் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தனியார் பள்ளி ஆசிரியை. காபி கொடுத்து உட்கார வைத்தாள். எல்லாம் கேட்டுவிட்டுத் தயங்கினாள்.

"அம்மாட்ட ஃபோன்ல சொல்லிறட்டுமா?"

"ஃபோன்ல சொன்னா ஒங்கண்ணன் ஸ்பீக்கர்ல போடச் சொல்லுவாரும்மா."

"அது சரி. ஆனா அண்ணன்மாரோட பகை எதுக்குன்னு பாக்குறேன். பையனுக்கு அங்கதான் பொண்ணு எடுக்கணும்னு இருக்கோம்."

அன்னக்கொடி அவளை வற்புறுத்தவில்லை. காபி டம்ளரைத் தானே கழுவப் போனாள். கனகலட்சுமி பதறிப் பிடுங்கினாள். முகம் சிவந்துவிட்டது.

ஒன்பது நாள். இருபத்து மூன்று ஊர், அதோடு மதுரையும். ஐம்பத்தியோரு பெண்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை அவளும் கருப்பும் நத்தைக்குளம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வேப்ப மரத்தடியில் நின்றார்கள். கையில் நோட்டீஸ். அவள் சின்னம் ஆட்டோ ரிக்‌ஷா.

ஏழரை பஸ்ஸில் யாரும் வரவில்லை. எட்டேகால் பஸ்ஸும் காலி. கருப்பு அவளைப் பார்க்காமல் நோட்டீஸை மடித்தான், விரித்தான்.

ஒன்பது மணி பஸ்ஸில் முதலில் சின்னத்தாய் இறங்கினாள். கண்டாங்கிச் சேலை, கையில் மஞ்சப்பை. அவளுக்குப் பின்னால் சிவனம்மா. பிறகு முனீஸ்வரி. அப்புறம் ஒருத்தி, அப்புறம் இரண்டு பேர். கண்டக்டர் விசில் ஊத மறந்து எண்ணிக்கொண்டிருந்தான். பதினோரு பெண்கள்.

டீக்கடை உக்கிரபாண்டி பாய்லரை விட்டு வெளியே வந்தான். இத்தனை மகள்கள் ஒரே பஸ்ஸில் இறங்குவது நத்தைக்குளத்தில் ஒரே காரியத்துக்குத்தான். அவன் மரியாதைக்கு ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"யாரு வீட்லயாம்?" என்று பெஞ்சிலிருந்தவர்களைக் கேட்டான்.

"தெரியலையே மாப்ள. காலையில எல்லாரும் நல்லாத்தான இருந்தாக."

ஒருவன் தன் வீட்டுக்கே ஓடினான். அப்பன் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டுத் திரும்பினான். இன்னொருவன் பந்தல் போடும் அழகுபாண்டிக்கு ஃபோன் போட்டான்.

"அண்ணே, சாமியானா ஒண்ணு, சேர் நூறு. யாருக்குன்னு தெரியல. வண்டியில ஏத்தி மட்டும் வைங்க."

ஒன்பதே முக்கால் பஸ்ஸில் இன்னும் எட்டுப் பேர் இறங்கினார்கள். செய்தி தெருவுக்குள் போய் நல்லகாமனை வெளியே கொண்டுவந்தது. சட்டை போடாமல், துண்டைத் தோளில் போட்டபடி, வேகமாக வந்தார். அக்காவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"என்னக்கா? யாருக்கு என்ன? மச்சானுக்கா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"பெறகு?"

"பொறந்த வீட்டுக்கு வந்தேன்டா. வரக் கூடாதா?"

நல்லகாமன் மற்ற பெண்களைப் பார்த்தார். பிறகு ரோட்டுக்கு எதிர்ப்புறம் வேப்ப மரத்தடியைப் பார்த்தார். அன்னக்கொடி அங்கே கையைக் கட்டி நின்றாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, இது அரசியல். ஒனக்கு இதுல என்ன?"

"எனக்கு அரை ஏக்கர் இருக்குல்ல இதுல," என்றாள் சின்னத்தாய். "கதவைத் திறந்து போட்டிருக்கியா, சாத்தி வச்சிருக்கியா? ஊர்க் கட்டுப்பாடுன்னு சொன்னாகளே. எனக்கும் சேத்தா?"

பெஞ்சில் ஒருவன் சிரித்துவிட்டு இருமலாக்கினான்.

கூடப்பிறந்தவளை வாசலில் நிறுத்துவதா? நல்லகாமனால் முடியாது. யாராலும் முடியாது. அவர் விலகினார். பெண்கள் மேலத்தெருவுக்குள் போனார்கள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அன்னக்கொடி நின்ற இடத்திலிருந்து நாலு கதவு தெரிந்தது. மற்றவை காதில் விழுந்தன.

சாயங்காலம் வரைக்கும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். முப்பத்து நான்கு பேர். கனகலட்சுமி வரவில்லை. அழகுபாண்டியின் வண்டி சாமியானாவோடு வந்து, ஊரைச் சுற்றிவிட்டு, யாரும் சாகாததால் திரும்பிப் போனது.

*

ஓட்டு எண்ணிக்கை டி. கல்லுப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. தலைவர் பதவிக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. காலனிப் பெட்டியை முதலில் திறந்தார்கள். அன்னக்கொடிக்கு முந்நூற்று ஒன்பது. முத்துப்பாண்டிக்கு ஆறு. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். முத்துப்பாண்டி செல்போனில் யாரிடமோ பட்டாசு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மேலத்தெருப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். சீட்டுகள் மேஜையில் குவிந்தன. முத்துப்பாண்டியின் சின்னம் பூட்டு சாவி. சீட்டை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

பூட்டு சாவி. பூட்டு சாவி. பூட்டு சாவி. ஆட்டோ.

கருப்பு அவள் கையைத் தொட்டான்.

பூட்டு சாவி. ஆட்டோ. ஆட்டோ. பூட்டு சாவி. ஆட்டோ.

முத்துப்பாண்டி ஃபோனைக் காதிலிருந்து எடுத்தான். ஒரு சீட்டில் முத்திரை ஆட்டோவின் மேல் மூன்று முறை குத்தியிருந்தது. செல்லாது என்று ஒதுக்கப் பார்த்தார்கள். ஒரே சின்னத்தில்தானே, செல்லும் என்றார் அதிகாரி. யாரோ ஒருத்தி ஒரு தடவை குத்தியது போதாதென்று நினைத்திருக்கிறாள்.

மேலத்தெருப் பெட்டியில் இருநூற்று எண்பத்தேழு ஆட்டோ இருந்தது.

கூட்டிப் பார்த்தார்கள். அன்னக்கொடி ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு. முத்துப்பாண்டி ஐந்நூற்று நான்கு. முத்துப்பாண்டி திரும்ப எண்ணச் சொன்னான். திரும்ப எண்ணினார்கள். அதே எண்கள்.

கருப்பு பெஞ்சின் மேல் ஏறிக் கத்தினான். ஏறினவனுக்கு எப்படி இறங்குவது என்று தெரியவில்லை. அன்னக்கொடி கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை வாங்கினாள். வேறு பேனா கேட்டு இன்னொரு முறை அழுத்திப் போட்டாள். முதல் பேனா மங்கலாக எழுதியது.

வெளியே வரும்போது நல்லகாமன் கேட்டருகே தனியாக நின்றார். அவள் நின்றாள்.

"எம் பொஞ்சாதியும் போட்டுட்டாளோ?" என்றார்.

"தெரியாதுய்யா. சீட்டுல பேரு இருக்காது."

அவர் தலையை ஆட்டினார். செருப்பால் மண்ணைக் கிளறினார்.

"முதல்ல யாருக்குச் சொல்லப்போற?"

"ஒங்களுக்குத் தெரியாததா?" என்றாள் அன்னக்கொடி.

*

டிவிஎஸ் ஐம்பது ஆண்டிக்கரட்டுக்குள் நுழைந்தபோது வெயில் சாயவில்லை. சின்னத்தாய் வாசலில் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிகளும் இருந்தார்கள். ஃபோன் முன்னாலேயே வந்துவிட்டது என்பது எல்லார் முகத்திலும் தெரிந்தது.

"தெரிஞ்சிருச்சா ஆத்தா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் சின்னத்தாய். "நீ சொல்லு. அங்கேயே நின்னு, முறையாச் சொல்லு."

அன்னக்கொடி பன்னிரண்டு வயதில் நின்ற அதே இடத்தில் நின்றாள். அப்பா சொல்லிக்கொடுத்தபடி மூச்சை இழுத்துக்கொண்டாள். முதலில் பெயர், பிறகு நேரம்.

"நத்தைக்குளத்துல அன்னக்கொடி ஜெயிச்சாச்சு! திங்கக்கிழமை காலையில பத்து மணிக்குப் பதவி ஏத்துக்கிறா!"

அன்றைக்குக் கூந்தலை அவிழ்த்தவள் இன்றைக்கு முதல் ஆளாகக் குலவை போட்டாள். சின்னத்தாய் அடுத்து. தெரு முழுக்க அது பரவியது. நாய்கள் குரைத்தன. கருப்பு வண்டியை ஸ்டாண்டு போட மறந்து பிடித்துக்கொண்டே நின்றான்.

சின்னத்தாய் கையைப் பிடித்து இழுத்தாள். அன்னக்கொடி வாசற்படி ஏறினாள். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள். மோர் வந்தது. அதையும் குடித்தாள்.

இன்னும் இருபத்திரண்டு ஊர் இருந்தது. கருப்பு வெளியே ஹாரன் அடித்தான்.

அவள் எழுந்து படி இறங்கினாள். வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் நாலு எட்டு நடந்தாள். பிறகு நின்று திரும்பினாள்.

"வாரேன் ஆத்தா," என்றாள்.

"வா," என்றாள் சின்னத்தாய். "அடிக்கடி வா."